ஒரு சாண் மேடு

மழை நின்று இருபத்தொன்பது மணி நேரம் ஆகிவிட்டது. தெருவில் தண்ணீர் இரண்டு சென்டிமீட்டர்தான் இறங்கியிருந்தது.

இளையவள் சலவைக்கடை வாசற்படியில் குந்தி, எஃகு அடிக்கோலைத் தண்ணீருக்குள் நிறுத்திப் பார்த்தாள். பதினொன்று. நேற்று விடிந்தபோது பதின்மூன்று. அந்த இரண்டையும் வெயில் குடித்திருக்கும். நான்கு மாதத்துக்கு முன் கட்டி முடித்த மழைநீர்க் கால்வாய் குடித்ததாகத் தெரியவில்லை.

"அளந்து அளந்தே வத்த வச்சுடுவ போலிருக்கே" என்றார் அத்தான். கால்சட்டையை முழங்கால் வரை சுருட்டிக்கொண்டு, செங்கல் மேல் ஏற்றி வைத்த இரண்டு துவைப்பு மிஷின்களுக்கு நடுவே நின்றார். "அந்தக் கோல இங்க குடு. நூல் கட்டி மீனாவது பிடிக்கிறேன்."

"அவகிட்ட ஏன் பேச்சுக் குடுக்கறீங்க?" என்றாள் அக்கா, இஸ்திரி மேசையிலிருந்து தலை நிமிராமல். "வாயத் திறந்தா முத்து உதிர்ந்துடும் அவளுக்கு."

இளையவள் சிரித்தாள். சிரிப்பதுதான் அவளுக்குச் சுலபம். அறிவியல் படித்து, நகராட்சியின் மழைநீர்ப் பிரிவில் மட்டம் எடுக்கும் வேலைக்குச் சேர்ந்து பத்து மாதம். கடைக்கு மேல் உள்ள ஒற்றை அறையில் இருக்கிறாள். காலையில் அக்காவின் கடை வழியாகத்தான் இறங்கி வேலைக்குப் போக வேண்டும். முன்பு படி இறங்கினால் தெரு. இப்போது மழை பெய்தால் படி இறங்கினால் குளம்.

முன்பும் இந்தத் தெருவில் தண்ணீர் நின்றதுதான். ஆனால் மறுநாள் மத்தியானத்துக்குள் எதிர்ப்புறத்துக் காலி மனை வழியாக ஓடைப் பக்கம் இறங்கிவிடும். கால்வாய் கட்டியபோது எதிர்ப்பக்கத் தெருவோரத்திலும் எழுப்பிய கரைச்சுவர் அந்த வழியையும் அடைத்துவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதை. கால்வாய் திறந்த பிறகு ஆறு மழை. ஆறு முறையும் வெள்ளம்.

"ஷட்டர்ல ஒட்டியிருக்கறதப் பாத்தியா?" என்றாள் அக்கா.

பார்த்திருந்தாள். அவள் அலுவலகத்துக் காகிதம், அவள் பிரிவின் முத்திரை. கடை முன்னால் கால்வாய்க்கு மேல் போட்ட சிமெண்ட் பலகை தூர் வாருவதற்கு இடையூறாக இருப்பதால், நாளை மறுநாள் காலை பத்து மணிக்கு அகற்றப்படும்.

அந்தப் பலகை இல்லாவிட்டால் தள்ளுவண்டி கடைக்குள் ஏறாது. விடுதிகளின் படுக்கை விரிப்புகள் மூட்டை மூட்டையாக அந்த வண்டியில்தான் வருகின்றன. கால்வாயைத் தாண்டித் தலைச்சுமையாக யாரும் கொண்டுவந்து கொடுக்கப் போவதில்லை. அடுத்த தெருவில் இன்னொரு சலவைக்கடை வாயைத் திறந்துகொண்டு காத்திருக்கிறது.

"நீ அங்கதானே வேலை செய்யற? ஒரு வார்த்தை கேக்கக்கூடாதா?"

"கேக்கறேன்க்கா."

"பலகைய எடுக்கப் போறாங்கன்னு பேச்சு வந்ததிலேர்ந்து மூணு நாளா கேக்கறேன் கேக்கறேன்னுதான் சொல்ற."

வெளியே யாரோ சளப் சளப்பென்று நடந்து வந்தார்கள். தந்தி. ஓய்வு பெற்ற தபால்காரர். எந்தச் செய்தியும் அவர் காதில் விழுந்த கால்மணி நேரத்தில் தெருக்கோடிக்குப் போய்விடும் என்பதால் அந்தப் பெயர். தெருச் சங்கத்துக்குத் தலைவரும் அவர்தான், யாரும் தேர்ந்தெடுக்காமலே.

"என்னம்மா, நாளன்னிக்குப் பலகை போகுதாமே" என்றார் வாசலில் நின்று. "நாங்க ஒண்ணும் ஆசப்பட்டு மனு குடுக்கல. இருபது வீடு முழுகுது. என் வீட்ல அரிசி மூட்டை கட்டில் மேல தூங்குது, நான் நாற்காலியில தூங்கறேன்."

"மாமா, என் கடையும்தானே முழுகியிருக்கு. எனக்கு நானே தண்ணி விட்டுப்பேனா?"

"அத நான் எப்படி சொல்றது? ஆபீஸ்காரங்க படிச்சவங்க. அவங்களே எழுதிட்டாங்க." இளையவளைப் பார்த்துத் தலையசைத்தார். "அப்படித்தானேம்மா?"

இளையவள் அடிக்கோலைத் துடைத்துப் பையில் வைத்தாள்.

*

மழைநீர்ப் பிரிவின் கூரை ஒழுகியது. பொறியாளரின் மேசைக்குப் பக்கத்தில் ஒரு நீல வாளி நிரந்தரமாக இருந்தது. அதைப் பற்றிச் சொல்ல வேண்டிய நகைச்சுவைகளை எல்லாரும் எப்போதோ சொல்லி முடித்துவிட்டார்கள்.

இளையவள் அவர் முன்னால் நின்றாள். ஐந்து நிமிடம் நின்றிருப்பாள். அவர் கோப்பிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"சார்."

"சொல்லும்மா."

"அந்தக் காகிதம்..."

"எந்தக் காகிதம்?"

எந்தக் காகிதம் என்று அவருக்குத் தெரியும். பத்தொன்பது நாளுக்கு முன் அவளே கையால் எழுதிக் கொடுத்த ஒரு பக்கம். வாசித்தார், நான்காக மடித்தார், இழுப்பறையில் போட்டார். 'டைப் பண்ணலையே?' என்று மட்டும் கேட்டார். இல்லை என்றதும் 'நல்லது' என்றார்.

அந்தப் பக்கத்தில் இருந்தது இதுதான்.

கால்வாயை இரண்டு முனையிலிருந்தும் ஒரே நேரத்தில் கட்டினார்கள். ஒரு குழு தெருப்பக்கம், ஒரு குழு ஓடைப்பக்கம். நடுவில் வந்து சேர வேண்டும். இரண்டு பக்கமும் எந்த உயரத்தில் தொடங்குவது என்று மட்டம் எடுத்துக் குறி வைத்துக் கொடுத்தவள் இளையவள். தெருப்பக்கக் குறி சரி. ஓடைப்பக்கக் குறி, பாலத்துச் சுவரில் அவளே சிவப்பு மையால் இட்ட கோடு, தப்பு. கோடு இருக்கும் உயரம் ஒன்று; அவள் புத்தகத்தில் எழுதிய உயரம் அதைவிட இருபது சென்டிமீட்டர் குறைவு. அந்தக் கோட்டை நம்பிக் கீழே அளந்து கட்டிய பாதிக் கால்வாயும் இருபது சென்டிமீட்டர் தூக்கலாக உட்கார்ந்துவிட்டது. சரியாக ஒரு சாண்.

தப்பு எப்படி வந்தது என்பதையும் எழுதியிருந்தாள். அளவுகோல் மூன்று அடுக்கு. ஒன்றுக்குள் ஒன்று இருக்கும். உள் அடுக்கை மேலே இழுத்தால் 'டிக்' என்று ஒரு பொத்தான் வெளியே வந்து பிடித்துக்கொள்ள வேண்டும். பொத்தான் தேய்ந்திருந்தால் அடுக்கு பிடிபடாமல் மெல்லக் கீழே வழுகும். எண்கள் அப்படியே அழகாக இருக்கும், ஆனால் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. தூரத்தில் மட்டம் பார்க்கும் கருவியின் கண்ணாடி வழியாகப் பார்ப்பவளுக்கு நாலு எண் மட்டும்தான் தெரியும், இணைப்புத் தெரியாது. அதனால் ஒரு வழக்கம் உண்டு. ஒவ்வொரு தடவையும் எண்ணை வாசிப்பதற்கு முன், கோல் பிடிப்பவரைப் பார்த்து 'பூட்டியாச்சா?' என்று கத்திக் கேட்க வேண்டும். அவர் இணைப்பைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து 'பூட்டியாச்சு' என்று திருப்பிக் கத்த வேண்டும்.

அன்றைக்குத் தூறல். ஓடைக்கரையில் வேலையாட்கள் பத்துப் பன்னிரண்டு பேர் கைகட்டி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். கோல் பிடித்தவர் அவள் அப்பா வயதுக்காரர். அத்தனை பேர் நடுவில் குரலை உயர்த்த அவளுக்குக் கூச்சம். கையை உயர்த்தினாள். அவரும் பதிலுக்குக் கையை உயர்த்தினார். அவள் எண்ணை எழுதிக்கொண்டாள்.

இந்தக் கடைசிப் பத்தியை மட்டும் காகிதத்தில் எழுதவில்லை. 'கோல் பூட்டப்பட்டதா என்று உறுதி செய்யப்படவில்லை' என்று எழுதியிருந்தாள். யார் உறுதி செய்யவில்லை என்பதை வாக்கியம் விழுங்கிவிட்டது.

ஐந்தாவது வெள்ளத்துக்குப் பிறகு ஒருநாள் சாமான் அறையில் கோலைத் துடைக்க இழுத்தபோது, உள் அடுக்கு அவள் கையிலிருந்து மெதுவாக, களைத்துப்போனது மாதிரி இறங்கியது. அப்போதுதான் ஓடைக்கரையில் கேட்காமல் விட்ட கேள்வி நினைவுக்கு வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமையே வேறு கோலை எடுத்துக்கொண்டு, அத்தானைக் கோல் பிடிக்கச் சொல்லி, சிவப்புக் கோட்டை மறுபடி அளந்தாள். எதற்கென்று அத்தான் கேட்கவில்லை. அவருக்கு அது உலாவப் போனது மாதிரி.

"சார், பலகைய உடைச்சாலும் தண்ணி வடியாது" என்றாள் இப்போது.

பொறியாளர் பேனாவை மூடினார். "தெரியும்."

அவள் எதிர்பார்த்தது வேறு. அவர் மறுப்பார், தான் விளக்க வேண்டியிருக்கும் என்று வாக்கியங்களை அடுக்கி வைத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"கால்வாய் நடுவுல ரெண்டு பக்கமும் சேரலன்னு மேஸ்திரி அன்னைக்கே போன் பண்ணான். ஒரு சாண் வித்தியாசம், என்ன பண்ணட்டும்னான். மறுநாள் திறப்பு. பந்தல் போட்டாச்சு. நான் என்ன சொல்ல முடியும்? சேத்துப் பூசி மூடியப் போடுன்னேன்." வாளிக்குள் ஒரு சொட்டு விழுந்தது. "மூடி போட்டாச்சுன்னா யாருக்குத் தெரியப் போகுது."

"தண்ணிக்குத் தெரியுதே சார்" என்று சொல்ல நினைத்தாள்.

"உனக்கு வேலை நிரந்தரமாக இன்னும் எத்தன நாள்?"

"ஆறு வாரம் சார்."

"எனக்கு ஓய்வுக்கு பதினாலு மாசம். இப்பத் தோண்டினா முதல்ல உன் பேரு, அடுத்தது என் பேரு. மழைக்காலம் போகட்டும். மராமத்துன்னு ஒரு வரி எழுதி, அந்தத் தொண்ணூறு மீட்டரத் தட்டிட்டு சத்தமில்லாம மறுபடி போட்டுடலாம். யாருக்கும் காயமில்ல."

"அதுவரைக்கும் பலகை..."

"ஜனங்களுக்கு எதையாவது உடைச்சுக் காட்டணும்மா. இல்லாட்டி நம்மள உடைப்பாங்க." குரலைத் தாழ்த்தினார். அவர் கெட்டவர் இல்லை என்பதுதான் அவளுக்குப் பெரிய சங்கடம். போன மாதம் அவளுக்குக் காய்ச்சல் வந்தபோது வீடு வரை கொண்டுவந்து விட்டவர். "அது உன் அக்கா கடைங்கறது எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா அதனாலயே நீ பேசக்கூடாது. பேசினா அக்காவக் காப்பாத்தப் பொய் சொல்றான்னுதான் சொல்வாங்க. யோசிச்சுப் பாரு."

யோசித்துப் பார்த்தாள். அவர் சொன்னதில் ஓட்டை இருப்பதாகத் தெரியவில்லை. அதுதான் எரிச்சலாக இருந்தது. ஒழுகும் கூரைக்குக் கீழே உட்கார்ந்துகொண்டு ஒழுகாத பேச்சாகப் பேசினார்.

*

மத்தியானம் கால்வாய் ஓரமாக ஓடை வரை நடந்தாள். நூற்றெண்பது மீட்டர். மேஸ்திரி நடுவில் ஒரு மூடியைத் தூக்கி வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து பீடி பற்ற வைத்திருந்தார். உள்ளே தண்ணீர் கறுப்பாக, அசையாமல் கிடந்தது.

"வாங்க லெவலம்மா. பலகைய உடைக்க நாளன்னிக்கு என்னத்தான் அனுப்பறாங்க. உங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும் மேஸ்திரி."

"பலகைமேல தப்பில்லன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும்." காலால் கால்வாய்ச் சுவரைத் தட்டினார். "இந்த எடம்தான். அந்தப் பக்கத்து ஆளுங்க ஒசரத்துல வராங்க, இந்தப் பக்கம் கீழ வரோம். சம்பந்திங்க மாதிரி நிக்கறாங்க, ஒருத்தரும் குனிய மாட்டேங்கறாங்க. கடைசியில நான்தான் அஞ்சு மீட்டருக்குச் சாய்வா கலவையக் கொட்டி சமாதானம் பண்ணி வச்சேன். கல்யாணம் நடந்துது. குடும்பம் நடக்கல."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "அப்பவே என்கிட்டச் சொல்லியிருக்கலாமே."

"சொல்லி? உங்க கணக்கு. புத்தகத்துல எழுதினது. நான் கைநாட்டு, நீங்க படிச்சவங்க. எங்க ஆளுங்கதான் எங்கயோ கோட்டை விட்டுட்டாங்கன்னு நெனச்சேன். ரெண்டு பேரக் கெட்ட வார்த்தையில திட்டிக்கூட விட்டேன். அதுல ஒருத்தன் அதோட வேலைக்கே வரல."

இதை அவள் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

"யாரு?"

"விடுங்க. எங்கயோ வேலை கெடச்சிருக்கும்." பீடியை அணைத்தார். "ஒண்ணு சொல்றேன், மனசுல வைங்க. நீங்க பேசாதீங்க. எரியற வீட்டுல போய்க் குளிர் காயற மாதிரி எல்லாரும் உங்க மேல கை காட்டிக் காய்வாங்க. சார் என்கிட்டயும் சொன்ன மாதிரி மழை போகட்டும்."

பாலத்துக்குக் கீழே போனாள். கால்வாய் ஓடையில் சேரும் இடத்தில் ஒரு பள்ளம் வெட்டி, சல்லிக்கல் பரப்பி, நாணல் நட்டிருந்தார்கள். அது அவள் யோசனை. தெருத் தண்ணீர் நேராக ஓடையில் விழக்கூடாது; பள்ளத்தில் கொஞ்ச நேரம் நின்று மண்ணையும் எண்ணெயையும் கீழே விட்டுவிட்டு, தெளிந்த பிறகு போக வேண்டும். பொறியாளர் அந்த ஒன்றை மட்டும் எதிர்ப்பில்லாமல் ஏற்றுக்கொண்டிருந்தார்.

பாலத்தின் அடியில் மழையும் படாமல் பள்ளம் காய்ந்து கிடந்தது. நாணல் நுனி பழுத்திருந்தது. நூற்றெண்பது மீட்டருக்கு அப்பால் ஒரு தெரு முழுகிக்கொண்டிருக்க, இங்கே நாணல் தாகத்தில் செத்துக்கொண்டிருந்தது. அவள் பாட்டிலில் இருந்த குடிதண்ணீரை ஒரு நாணலுக்கு ஊற்றினாள். பிறகு முட்டாள்தனமாக இருந்தது. மிச்சத்தை மூடி வைத்துவிட்டாள்.

*

மறுநாள் சாயங்காலம் வேலை முடிந்து வந்தபோது கடை வாசலில் ஒரு டீசல் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அத்தான் வாடகைக்கு எடுத்து வந்திருந்தார். தடித்த நீலக் குழாய் தெருவைத் தாண்டி, கரைச்சுவர் ஏறி, காலி மனை வழியாகப் போயிற்று.

"எங்க விடறீங்க?"

"ஓடையிலதான். வேற எங்க?"

"நேரா ஓடைக்கா?"

"பின்ன, உன் தலையிலயா விடறது?"

அவள் குழாயோடு ஓடினாள். அதன் வாய் நாணல் பள்ளத்துக்கு அந்தப் பக்கம், நேராக ஓடைக்குள் தொங்கிக்கொண்டிருந்தது. சலவைச் சோப்பு நுரை, மெக்கானிக் கடை எண்ணெய், இருபது வீட்டுச் சாக்கடைக் கசிவு எல்லாமும் வானவில் மாதிரி பளபளத்துக்கொண்டு இறங்கின. வாரம் ஒருமுறை இங்கே ஒரு வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கி, எந்த ஆழத்தில் கண்ணுக்கு மறைகிறது என்று பார்ப்பாள். கால்வாய் கட்டுவதற்கு முன் அறுபது சென்டிமீட்டர் வரை தெரிந்தது. பாலத்தடியில் வைத்திருந்த தட்டை இப்போது இறக்கினாள்; ஒன்பதில் மறைந்தது. கெண்டைக் குஞ்சுகள் கரையோரம் வாயைப் பிளந்து மேல்மட்டத்தில் மிதந்தன.

குழாயின் வாயை இழுத்துப் பள்ளத்துக்குள் போட்டாள். போட்ட வேகத்தில் சட்டை முழுக்க நனைந்தது. நாற்றம் குடலைப் பிரட்டியது. பள்ளம் கால்மணி நேரத்தில் வழிந்து மறுபடி ஓடைக்குள்தான் போகும். மோட்டார் தள்ளுகிற வேகத்துக்கு அது கட்டப்படவில்லை.

திரும்பி வந்ததும் அத்தானிடம் முதல் தடவையாகக் கோபமாகப் பேசினாள். "மீன் சாகுது."

"சாகட்டும்" என்றார். பிறகு அவரே சங்கடப்பட்டு, "நானா சாகச் சொன்னேன்? கால்வாய்ல விட்டா போகல. தெருவுல விட்டா தந்தி கத்தறாரு. எனக்கு வேற வழி இருந்தா நீயே சொல்லு. படிச்சிருக்கல்ல?"

அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அத்தானே மோட்டாரைப் பாதி வேகத்துக்குக் குறைத்துக் கொடுத்தார். அவரால் முடிந்தது அவ்வளவு.

வாசலோரம் அக்கா மண்டியிட்டுக்கொண்டு, பலகைக்கும் படிக்கும் நடுவே இருந்த இடுக்கில் கம்பியை விட்டுக் குடைந்து சேற்றை எடுத்துக்கொண்டிருந்தாள். முழங்கை வரை கறுப்பு. பக்கத்தில் நாலு வாளிச் சேறு.

"என்னக்கா பண்ற?"

"தூர் வார முடியலன்னுதானே எழுதியிருக்காங்க. வாரிக் காட்டறேன். முடியும்னு தெரிஞ்சா உடைக்க மாட்டாங்கல்ல?"

"அதனால ஒண்ணும் ஆகாதுக்கா."

"ஏன் ஆகாது?"

இளையவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். வாக்கியம் தொண்டை வரை வந்தது. முதல் சொல் 'நான்' என்று தொடங்க வேண்டும் என்பது தெரிந்தது. அந்த ஒரு சொல் வரவில்லை.

"தண்ணி வேற எடத்துல நிக்குது" என்றாள்.

"எந்த எடத்துல?"

"கீழ. நடுவுல எங்கயோ."

"எங்கயோன்னா?" அக்கா கம்பியைக் கீழே வைத்தாள். "உனக்கு என்ன தெரியும்னு ஒழுங்கா சொல்லு. சின்ன வயசிலேர்ந்து இதேதான். அம்மா பாத்திரத்த உடைச்சது யாருன்னு கேட்டா நீ சுவத்தப் பாத்துட்டு நிப்ப. அடி எனக்கு விழும்."

அது உண்மை. அவள் மறந்துவிட்டிருந்தாள், அல்லது மறக்க விரும்பியிருந்தாள்.

"ஆபீஸ்ல சாரைக் கேட்டேன்க்கா. மழைக்காலம் போனதும் சரி பண்ணிடலாம்னு சொல்றாரு."

"மழைக்காலம் போறதுக்குள்ள கடை போயிடுமே."

அக்கா மறுபடி கம்பியை எடுத்தாள். இளையவளும் ஒரு கரண்டியை எடுத்துச் சேறு அள்ளினாள். பிரயோசனமில்லாத வேலை என்று தெரிந்தே இருட்டும் வரை அள்ளினாள். உடம்பு வலித்தால் மனம் கொஞ்சம் ஆறும் என்று நினைத்தாள். ஆறவில்லை.

*

பத்து மணிக்கு என்று எழுதியிருந்தார்கள். ஒன்பதே முக்காலுக்கே ஆட்கள் கூடிவிட்டார்கள். தண்ணீர் இன்னும் ஆறு சென்டிமீட்டர் இருந்தது. சிலர் செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள். தந்தி ஒரு நாற்காலியைத் தண்ணீருக்குள் போட்டு அதன்மேல் ஏறி நின்றிருந்தார்.

மேஸ்திரி உடைப்பு மிஷினை வண்டியிலிருந்து இறக்கினார். பொறியாளர் கோப்பைத் திறந்து உத்தரவை வாசித்தார். இளையவள் அவருக்குப் பின்னால் அலுவலக அட்டையை மாட்டிக்கொண்டு நின்றாள். அப்படித்தான் நிற்கச் சொல்லியிருந்தார்.

அக்கா பலகைமேல் நின்றிருந்தாள். சேலையைத் தூக்கிச் செருகியிருந்தாள். கையில் ஒரு பழைய காகிதம்.

"இந்தப் பலகை போட அனுமதி குடுத்தது உங்க ஆபீஸ்தான் சார். முத்திரை இருக்கு, பாருங்க. தூர் வாரினேன். பதினேழு வாளி. அதோ கிடக்கு."

"பாத்தேன்மா. வாரினீங்க, சரி. தண்ணி போச்சா?"

அக்கா பலகையைச் சுற்றி நின்ற தண்ணீரைப் பார்த்தாள்.

"உன் சோப்பு நுரைதான் உள்ள போய்க் கல்லு மாதிரி இறுகியிருக்கும்" என்றார் தந்தி நாற்காலியிலிருந்து.

"சோப்பு இறுகுமா மாமா? உங்க வீட்டுக் குளியலறையில இறுகியிருக்கா?" என்றார் அத்தான். நாலு பேர் சிரித்தார்கள். தந்தி சிரிக்கவில்லை.

"சிரிங்க. ஒரு குடும்பம் பொழைக்க இருபது குடும்பம் முழுகணுமா? என் மருமக கைக்குழந்தையத் தூக்கிட்டு அவங்கம்மா வீட்டுக்குப் போயிட்டா. எப்ப வருவன்னு கேட்டா தண்ணி வடிஞ்சதும்ங்கறா. அத யாருகிட்டச் சொல்றது நான்?"

அவர் குரல் உடைந்தது. அது நடிப்பில்லை. கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு பெண், "உடைச்சுத்தான் பாக்கட்டுமே. அவங்க வீட்டுப் பொண்ணே ஆபீஸ்ல இருக்கு, அதுவே வாயத் திறக்கலையே. அப்ப நெசமாத்தானே இருக்கும்" என்றாள்.

அக்கா அந்தப் பக்கம் திரும்பினாள். பிறகு தங்கையைப் பார்த்தாள். முகத்தில் அதுவரை இருந்த சண்டை போய்விட்டிருந்தது. பலகையைவிட்டு மெதுவாகத் தண்ணீருக்குள் இறங்கினாள். அனுமதிக் காகிதத்தின் ஓரம் நனைந்தது.

"சரி. உடைங்க" என்றாள். "என்னாலதான்னா உடைச்சுடுங்க. இத்தன பேரு சாபத்த வாங்கிட்டு நான் கடை நடத்த வேணாம்."

மேஸ்திரி மிஷினைத் தூக்கினார். தூக்கியவர் இளையவளை ஒருமுறை பார்த்துவிட்டு, பார்க்காத மாதிரி குனிந்து கம்பி முனையைப் பலகைமேல் வைத்தார். இன்னும் முடுக்கவில்லை.

அக்கா தண்ணீருக்குள் நடந்து வந்து தங்கைக்கு முன்னால் நின்றாள். இவள் மட்டும் கேட்கிற மாதிரி சொன்னாள். "நீ படிச்சவ. எனக்கு மட்டுமாவது சொல்லு டீ. நெஜமாவே என்னாலதானா?"

"இல்லக்கா."

"பின்ன?"

பொறியாளர் லேசாகத் தொண்டையைக் கனைத்தார். "ஏம்மா, நீ வண்டியில போய் உக்காரு."

"என்ன முனகல் அங்க?" என்றார் தந்தி. "சொல்றதச் சத்தமா சொல்லு, எல்லாருக்கும் கேக்கட்டும்."

இளையவள் பொறியாளருக்குப் பின்னாலிருந்து வெளியே வந்தாள். செருப்பு சேற்றில் மாட்டிக்கொண்டது. அதை அங்கேயே விட்டுவிட்டுப் போய்ப் பலகைமேல் ஏறினாள். மேஸ்திரி மிஷினை விலக்கிக்கொண்டார். எல்லா முகமும் அவள் பக்கம் திரும்பியது. காது சுட்டது.

"பலகையால இல்ல" என்றாள். குரல் பிசிறியது. மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடி, தெருக்கோடி வரைக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள். "கால்வாய் நடுவுல ஒரு சாண் மேடு இருக்கு. மூடியத் திறந்தா யாரு வேணா பாக்கலாம். தண்ணி அதத் தாண்ட முடியாது. ஓடைப்பக்கம் மட்டத்தத் தப்பா எடுத்துக் குடுத்தது நான்."